டி.ஓ. பட்டத்துக்குப் பின் உரிமம்: தேர்வுகள் மூன்று, மாதக் கணக்கு ஒன்று

வாசகர் கேள்வி: டெக்சாஸில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகளுக்கு எம்.டி. கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை; டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. மதுரையில் இருக்கும் என் அம்மா, 'எலும்பு வைத்தியம் படிக்கவா அமெரிக்காவில் இவ்வளவு செலவு?' என்கிறார். படித்து முடித்தபின் உரிமம் பெற என்னென்ன தேர்வுகள், எத்தனை ஆண்டு அனுபவம் தேவை? எம்.டி. மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.-யையும் அவள் எழுத வேண்டுமா? சென்னையில் பிசியோதெரபி முடித்த என் அக்கா மகன், இங்கிலாந்தில் ஆஸ்டியோபதி படித்துவிட்டு வந்தால் இங்கே உரிமம் கிடைக்கும் என்கிறான், அது சரியா? பிற்காலத்தில் மகள் மதுரையில் சில மாதங்கள் இலவச மருத்துவம் பார்க்க முடியுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் குழப்பம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் பெயரிலிருந்துதான் பிறக்கிறது. 'ஆஸ்டியோ' என்றதும் 'ஆர்த்தோ' நினைவுக்கு வருகிறது; 'பதி' என்றதும் ஹோமியோபதி நினைவுக்கு வருகிறது. இவை போதாதென்று, நம் ஊரில் டி.ஓ. என்பது கண் மருத்துவப் பட்டயத்தின் சுருக்கம், எம்.டி. என்பதோ எம்.பி.பி.எஸ். முடித்தவர் மேற்கொண்டு படிக்கும் பட்டமேற்படிப்பு. ஆகவே 'எம்.டி. கிடைக்கவில்லை, டி.ஓ. கிடைத்தது' என்று தொலைபேசியில் சொன்னால், பேத்தி ஏதோ ஒரு படி கீழே இறங்கிவிட்டாள் என்றுதான் பாட்டிக்குக் கேட்கும். அமெரிக்காவில் எம்.டி., டி.ஓ. இரண்டும் நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டங்கள். நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் பின் நான்காண்டு மருத்துவக் கல்வி என்பது இரண்டுக்கும் பொது. டி.ஓ. மாணவர்கள் கூடுதலாக, கைகளால் தசை, மூட்டு, முதுகெலும்பு ஆகியவற்றைச் சோதித்துச் சிகிச்சை செய்யும் முறையையும் கற்கிறார்கள். உரிமம் பெற்ற டி.ஓ. மருத்துவர் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், இதயநோய் முதல் மனநோய் வரை எந்தத் துறையிலும் நிபுணராகலாம். இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள்.

இந்தச் சமநிலை தானாக வந்துவிடவில்லை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் மருத்துவர் 1892-இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். 1896-இல் வெர்மான்ட் மாநிலம் முதன்முதலாக இவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அது தொடங்கிக் கடைசி மாநிலமான மிசிசிப்பி 1973-இல் முழு உரிமை கொடுக்கும்வரை, ஒவ்வொரு மாநிலமாகப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது. இடையில் கலிபோர்னியாவில் நடந்தது ஒரு விசித்திரம். 1962-இல் அங்கிருந்த டி.ஓ. மருத்துவர்களிடம் 65 டாலர் கட்டணம் பெற்றுக்கொண்டு எம்.டி. பட்டம் கொடுத்துவிட்டு, இனிப் புதிதாக டி.ஓ. உரிமமே கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். நேற்றுவரை 'தகுதி குறைந்தவர்' எனப்பட்டவரை 65 டாலரில் 'தகுதியானவர்' ஆக்க முடிந்தது என்றால், வேறுபாடு மருத்துவத் திறமையில் இருந்ததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1974-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கதவை மீண்டும் திறக்க வைத்தது. இந்தப் பழங்கதையை நான் சொல்வதற்குக் காரணம், அதன் தடம் இன்றைய உரிம விதிகளிலும் இருப்பதுதான்: டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் எம்.டி., டி.ஓ. இருவருக்கும் உரிமம் வழங்குவது ஒரே வாரியம்; கலிபோர்னியா, புளோரிடா, மிச்சிகன், பென்சில்வேனியா, அரிசோனா, ஓக்லஹோமா முதலியவற்றில் டி.ஓ. மருத்துவர்களுக்குத் தனி வாரியம். டெக்சாஸ் மருத்துவ வாரியத்தின் 19 உறுப்பினர்களில் 12 பேர் மருத்துவர்கள்; அவர்களில் மூவர் டி.ஓ. பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

மருத்துவமனைகளுக்காக மருத்துவர்களின் உரிமத்தையும் பயிற்சிச் சான்றுகளையும் சரிபார்க்கும் வேலையில் நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். வழக்கறிஞன் அல்லன்; ஆனால் உரிமம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை அன்றாடம் பார்ப்பவன். எல்லாக் குடும்பங்களும் தேர்வைக் கண்டு அஞ்சுகின்றன. தேர்வில் தடுக்கி விழுந்தவர்களை நான் கண்டதுண்டு. ஆனால் எல்லாத் தேர்விலும் தேறிய பின்னர், பயிற்சியின் மாதக் கணக்கு ஒத்து வராமலும், முயற்சிகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியும், படிவத்தில் ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் எழுதியும் காத்துக் கிடந்தவர்களை அவர்களைவிட அதிகமாகக் கண்டிருக்கிறேன். எனவே தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அனுபவக் கணக்கில் சற்று நேரம் நிற்க நினைக்கிறேன்.

டி.ஓ. மாணவர்களுக்கான உரிமத் தேர்வின் பெயர் காம்லெக்ஸ். 1934-இல் தொடங்கப்பட்ட ஆஸ்டியோபதி மருத்துவத் தேர்வர்களின் தேசிய வாரியம் இதை நடத்துகிறது. முதல் நிலைத் தேர்வைப் பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டு முடிவில் எழுதுகிறார்கள்; உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல் போன்ற அடிப்படைப் பாடங்களோடு ஆஸ்டியோபதி கோட்பாடுகளும் இதில் உண்டு. 2022 மே மாதம் முதல் இதற்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. இரண்டாம் நிலை, மருத்துவமனைப் பிரிவுகளில் சுற்றி வந்தபின் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் எழுதும் தேர்வு. இதற்கு மதிப்பெண் உண்டு, 400 தேர்ச்சி மதிப்பெண். முன்பு இதே நிலையில், நடிப்பு நோயாளிகளைச் சோதித்துக் காட்டும் செய்முறைத் தேர்வும் இருந்தது. அது 2020-இல் பெருந்தொற்றால் நிறுத்தப்பட்டு, 2022-இல் நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. இப்போது மாணவரின் செய்முறைத் திறனுக்குக் கல்லூரியே சான்று அளிக்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் தேறாமல் பட்டமே கிடைக்காது. மூன்றாம் நிலை இரண்டு நாள் தேர்வு. பட்டம் பெற்று, ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியில் சேர்ந்த பிறகே எழுத முடியும். தேர்ச்சி மதிப்பெண் 350. கொள்குறி வினாக்களோடு, நோயாளியின் நிலையைத் தந்து 'அடுத்து என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் பகுதியும் இதில் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது முயற்சிகளின் எண்ணிக்கை. தேர்வு நடத்தும் வாரியம் ஒவ்வொரு நிலைக்கும் நான்கு முயற்சிகளை அனுமதிக்கிறது. ஆனால் உரிமம் கொடுப்பது அந்த வாரியம் அன்று, மாநிலம். டெக்சாஸ் சட்டம் பொதுவாக ஒவ்வொரு பகுதியிலும் மூன்று முயற்சிகளுக்குள் தேற வேண்டும் என்கிறது. எல்லாப் பகுதிகளையும் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் கேட்கிறது. விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அவை குறுகலானவை. ஆக, நான்காவது முயற்சியில் தேறியவர் தேர்வு வாரியத்தின் பார்வையில் தேறியவர். தன் சொந்த மாநிலத்தின் பார்வையில் உரிமத்துக்கு உரியவர் அல்லர் என்ற நிலை வரலாம். தோல்விக்குப் பின் 'அடுத்த மாதமே எழுதிவிடுகிறேன்' என்று அவசரப்படும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டிய இடம் இதுதான். மூன்றாவது முயற்சியைத் தயாரிப்பு இல்லாமல் வீணாக்கக் கூடாது.

யு.எஸ்.எம்.எல்.இ. எழுத வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டையும் கலந்தால்தான் குழப்பம். உரிமத்துக்கு அது தேவையே இல்லை. ஐம்பது மாநிலங்களிலும் டி.ஓ. பட்டதாரிக்குக் காம்லெக்ஸ் போதும். ரெசிடென்சி இடம் பிடிப்பதற்குத் தேவையா என்பது வேறு கேள்வி. 2020 வரை டி.ஓ. பட்டதாரிகளுக்கெனத் தனிப் பயிற்சித் திட்டங்கள் இருந்தன; 2014-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2020 ஜூன் 30-க்குள் எல்லாத் திட்டங்களும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. அதனால் எம்.டி., டி.ஓ. மாணவர்கள் ஒரே இடங்களுக்குப் போட்டியிடுகிறார்கள். போட்டி மிகுந்த அறுவைத் துறைகளிலும் தோல் மருத்துவம் போன்றவற்றிலும், விண்ணப்பங்களை ஒப்பிடுவதற்கு யு.எஸ்.எம்.எல்.இ. மதிப்பெண்ணை எதிர்பார்க்கும் திட்டங்கள் இன்னும் இருக்கின்றன. குடும்ப மருத்துவம், உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநல மருத்துவம் ஆகியவற்றில் காம்லெக்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு இடம் பெறுபவர்கள் ஏராளம். என் கருத்தைக் கேட்டால், உங்கள் மகள் முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தத் துறையில் நாட்டம் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. யு.எஸ்.எம்.எல்.இ. முதல் படியும் 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால், 'எல்லோரும் எழுதுகிறார்கள்' என்பதற்காக அதை எழுதுவதில் பயன் குறைவு. எழுதித் தோற்றால் அது ஆவணத்தில் நிற்கும். அதோடு, இரு தேர்வுகளிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து ஒரு முழுத் தேர்வாகக் காட்டுவதைப் பெரும்பாலான வாரியங்கள் ஏற்பதில்லை. ஆகவே யு.எஸ்.எம்.எல்.இ. எழுதினாலும் எழுதாவிட்டாலும், காம்லெக்ஸ் மூன்றாம் நிலையை அவள் கட்டாயம் முடித்துவிட வேண்டும்.

இனி அனுபவம். நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு முடிந்த பிறகுதான் எம்.பி.பி.எஸ். பட்டமும் நிரந்தரப் பதிவும் கிடைக்கின்றன. அமெரிக்காவில் வரிசை வேறு: பட்டம் முதலில், பயிற்சி பிறகு, உரிமம் அதற்கும் பிறகு. பட்டம் பெற்ற அன்றே 'டாக்டர்' என்று அழைக்கப்படும் உங்கள் மகள், அன்று தனியாக ஒரு மருந்துச்சீட்டுகூட எழுத முடியாது. ரெசிடென்சியில் சேரும்போது டெக்சாஸ் வாரியம் அவளுக்குப் 'பயிற்சி மருத்துவர் அனுமதி' ஒன்றைத் தரும். அது அந்தப் பயிற்சித் திட்டத்துக்குள், மேற்பார்வையில் மட்டுமே செல்லும். வார இறுதியில் வேறோர் அவசர சிகிச்சை நிலையத்தில் வேலை பார்க்க அது உதவாது. அமெரிக்கக் கல்லூரியில் படித்தவருக்கு முழு உரிமத்துக்கு டெக்சாஸ் கேட்பது ஓராண்டு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி. இல்லினாய் இரண்டாண்டு கேட்கிறது. நியூ ஜெர்சி இரண்டாண்டு முடித்திருப்பதோடு மூன்றாம் ஆண்டுக்கான ஒப்பந்தத்தையும் கேட்கிறது. ஒரே பட்டம், ஒரே தேர்வு, மூன்று மாநிலங்களில் மூன்று கணக்கு.

'ஓராண்டு' என்ற சொல்லைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது நாட்காட்டியில் ஓராண்டு கடந்துவிட்டது என்று பொருள்படாது. பன்னிரண்டு மாதப் பயிற்சியைத் திருப்திகரமாக முடித்தார் என்று பயிற்சித் திட்டத்தின் இயக்குநர் எழுத்தில் உறுதி செய்வது. நான் பார்த்த ஓர் இளம் மருத்துவர் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்து, மனம் ஒட்டாமல், பதினொன்றாம் மாதம் விலகி, உள்மருத்துவத்துக்கு மாறினார். புதிய திட்டம் அவருக்குப் பழைய மாதங்களில் சிலவற்றை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. அவரோ தமக்கு ஓராண்டு முடிந்துவிட்டதாக எண்ணி உரிமத்துக்கு விண்ணப்பித்து, கட்டணமும் கட்டி, பகுதிநேர வேலை ஒன்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். விண்ணப்பம் மாதக்கணக்கில் நின்றது, வேலை போயிற்று. இன்னும் ஒரே ஒரு மாதம் முதல் திட்டத்திலேயே இருந்து, ஆண்டை முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தால் எதுவும் நேர்ந்திருக்காது. மகப்பேறு விடுப்பும் மருத்துவ விடுப்பும் இதே விதமாகத்தான்: விடுப்பு எடுப்பது உரிமை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் பயிற்சி முடியும் நாள் அதற்கேற்பத் தள்ளிப் போகலாம். விடுப்பில் செல்வதற்கு முன்பே 'என் முதலாண்டு எந்தத் தேதியில் முடிந்ததாகப் பதிவாகும்?' என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி கொடுத்த மருத்துவமனையே இல்லாமல் போனால்? நடக்காத காரியமில்லை. பிலடெல்பியாவின் ஹானமன் பல்கலைக்கழக மருத்துவமனை 2019-இல் மூடப்பட்டபோது 550-க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. மூடப்பட்ட திட்டங்களின் பயிற்சிப் பதிவேடுகளை, மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு பெற்றுப் பாதுகாக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதே கூட்டமைப்பு, ஒரு மருத்துவரின் பட்டம், தேர்வு, பயிற்சி ஆகிய சான்றுகளை மூலத்திலிருந்து ஒருமுறை சரிபார்த்து, பின்னர் எந்த மாநிலம் கேட்டாலும் அனுப்பும் சேவையையும் நடத்துகிறது. ரெசிடென்சியின் முதல் ஆண்டு முடிவிலேயே இதில் கணக்குத் தொடங்கிவிடுவது செலவுக்குத் தகுந்த காரியம் என்பது என் அனுபவம். இயக்குநர்கள் மாறுகிறார்கள், மருத்துவமனைகள் பெயர் மாறுகின்றன, பத்தாண்டு கழித்துத் தேடும்போது கையெழுத்துப் போட ஆள் கிடைப்பதில்லை.

பழைய விதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இணையத்தில் தேடினால் இது கண்ணில் பட்டு உங்களைப் பயமுறுத்தும். புளோரிடா, மிச்சிகன், ஓக்லஹோமா, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்கள், பல துறைகளிலும் சுழன்று வரும் ஆஸ்டியோபதி முதலாண்டுப் பயிற்சியை முன்பு டி.ஓ. மருத்துவர்களிடம் கட்டாயமாகக் கேட்டன. பயிற்சித் திட்டங்கள் ஒன்றிணைந்த பிறகு அந்தத் தடை பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. ஆயினும் அந்த மாநிலங்களில் குடியேற நினைப்பவர் முதலாண்டுப் பயிற்சியின் அமைப்பை அங்குள்ள வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஓராண்டில் உரிமம் கிடைக்கிறதே, அத்துடன் பயிற்சியை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. உரிமம் மாநிலம் கொடுப்பது. மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வதும் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பதும் அதற்கு மேற்பட்டவை. ரெசிடென்சியை முழுமையாக முடிக்காதவரைப் பெரும்பாலான மருத்துவமனைகள் ஏற்பதில்லை. குடும்ப மருத்துவத்துக்கு மூன்று ஆண்டுகள், மனநல மருத்துவத்துக்கு நான்கு, பொது அறுவை சிகிச்சைக்கு ஐந்து, நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு ஏழு என்று பயிற்சிக்காலம் போகும். அதன்பின் நிபுணர் சான்றிதழ்த் தேர்வு தனி. உரிமத்தையும் நிபுணர் சான்றிதழையும் ஒன்றெனக் கருதுவதும் ஒரு பொதுவான பிழை.

டெக்சாஸில் இவற்றோடு, மாநிலத்தின் மருத்துவச் சட்டங்கள் பற்றிய ஒரு தேர்வும் உண்டு. 75 விழுக்காடு பெற வேண்டும். எளிமையானதுதான், ஆனால் படிக்காமல் போய் எழுதுவதற்கில்லை. கைரேகைப் பதிவும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுவதற்கு நடுவண் அரசின் போதைமருந்துத் தடுப்பு அமைப்பிடம் தனிப்பதிவு வேண்டும். 2023 ஜூன் மாத இறுதியிலிருந்து அதற்கு எட்டு மணிநேரப் பயிற்சி ஒரு நிபந்தனை. மருத்துவக் கல்லூரியிலேயே அந்தப் பாடத்தை முடித்து அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கு அதுவே போதும். உரிமம் கிடைத்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் வாரியம் குறிப்பிடும் அளவு தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு இடங்கள் நம்மவர்களுக்குச் சிக்கலானவை. முதலாவது பெயர். நம் பிள்ளைகளுக்குத் தந்தை பெயரே கடைசிப் பெயர். சில ஆவணங்களில் அது முழுதாக இருக்கும், சிலவற்றில் முதலெழுத்தாக இருக்கும், திருமணத்துக்குப் பின் சிலவற்றில் மாறியிருக்கும். கடவுச்சீட்டில் ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், காம்லெக்ஸ் பதிவில் இன்னொரு பெயர் என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை மருத்துவரின் தலையில் விழும். கல்லூரியில் சேரும் இந்த நேரத்திலேயே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பின்னால் மிச்சமாகும் நேரம் மிகுதி.

இரண்டாவது, வெளிப்படுத்தும் கேள்விகள். கல்லூரியிலோ பயிற்சியிலோ ஒழுங்கு நடவடிக்கை இருந்ததா, கைது செய்யப்பட்டீர்களா, படிப்பில் இடைவெளி ஏற்பட்டதா என்று கேட்பார்கள். வேகமாகக் கார் ஓட்டியதற்கான அபராதம் ஒருவரின் உரிமத்தைக் கெடுப்பதில்லை; ஆனால் கேட்கப்பட்டதை மறைத்தது கெடுக்கும். கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படித்து, கேட்டதற்கு மட்டும், முழு உண்மையாகப் பதில் எழுத வேண்டும். மனநலச் சிகிச்சை பற்றிய கேள்விகள் முன்பு மிக விரிவாக இருந்தன. அதற்கு அஞ்சியே சிகிச்சைக்குப் போகாமல் தவித்த பயிற்சி மருத்துவர்கள் உண்டு. தொழில் செய்வதை இப்போது பாதிக்கும் நிலை இருந்தால் மட்டும் கேட்டால் போதும் என்று வாரியங்களின் கூட்டமைப்பு 2018-இல் பரிந்துரைத்தது. அதன் பிறகு பல மாநிலங்கள் படிவங்களைத் திருத்தியிருக்கின்றன. உங்கள் மகளுக்குப் படிப்பின் நடுவில் மனச்சோர்வு வந்தால், 'லைசென்ஸ் போய்விடும்' என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று உங்களைத் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

பல மாநிலங்களில் வேலை செய்ய விரும்பினால், மாநிலங்களுக்கிடையிலான மருத்துவ உரிம உடன்படிக்கை என்ற வழி இருக்கிறது. 2017 ஏப்ரலில் இதன் வழியாக முதல் உரிமங்கள் வழங்கப்பட்டன. டெக்சாஸ் 2021-இல் சட்டம் இயற்றி இதில் இணைந்தது. ஒரு மாநிலத்தில் முழு உரிமம் உள்ளவர் மற்ற உறுப்பு மாநிலங்களின் உரிமத்தை விரைவாகப் பெறலாம். ஆனால் இங்கே நிபந்தனைகள் இறுக்கமானவை: ரெசிடென்சியை முழுதாக முடித்து, நிபுணர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்; ஒழுங்கு நடவடிக்கையோ குற்றத் தீர்ப்போ இருக்கக் கூடாது; உரிமத் தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று முயற்சிகளுக்குள் தேறியிருக்க வேண்டும். மீண்டும் அதே மூன்று.

உங்கள் அக்கா மகனுக்கு நான் சொல்லக்கூடியது அவருக்குப் பிடிக்காது. இங்கிலாந்தில் 'ஆஸ்டியோபாத்' என்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பொது ஆஸ்டியோபதி மன்றத்தில் பதிவு செய்துகொண்டு நடத்தும் மதிப்புக்குரிய தனித் தொழில். ஆனால் அவர் மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் டி.ஓ. மருத்துவருக்கும் அவருக்கும் தொடக்ககாலத் தொடர்பும் பெயரின் பாதியும்தான் பொது. காம்லெக்ஸ் எழுதுவதற்கே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். அத்தகைய கல்லூரிகள் அமெரிக்காவுக்கு வெளியே இல்லை. எனவே இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து இங்கே மருத்துவ உரிமம் பெறும் வழி கிடையாது. 'வெளிநாட்டு ஆஸ்டியோபாத்துக்கு இங்கே டி.ஓ. உரிமம் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அவருக்கு உண்மையில் பொருந்துவது பிசியோதெரபி வழிதான்: சென்னையில் பெற்ற பட்டத்தை இங்குள்ள தர அளவோடு ஒப்பிட்டு மதிப்பிடச் செய்து, அதில் குறையும் பாடங்களை முடித்து, பிசியோதெரபிஸ்டுகளுக்கான தேசியத் தேர்வை எழுதி, ஒரு மாநிலத்தில் உரிமம் பெறலாம். நீளமான வழிதான், ஆனால் முடிவில் ஒரு கதவு இருக்கிறது. மருத்துவரே ஆக வேண்டும் என்றால், இங்கே முன்மருத்துவப் பாடங்களையும் எம்கேட் நுழைவுத் தேர்வையும் முடித்து, டி.ஓ. அல்லது எம்.டி. கல்லூரியில் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மதுரையில் மருத்துவம் பார்ப்பது பற்றி: அமெரிக்க உரிமம் அந்த மாநிலத்தின் எல்லையோடு முடிகிறது. இலவசமாகப் பார்த்தாலும் இந்தியாவில் பதிவு இல்லாமல் நோயாளிக்கு மருந்து எழுதக் கூடாது. வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பதும் குறுகிய கால அனுமதி தருவதும் தேசிய மருத்துவ ஆணையத்தின் கையில் இருக்கின்றன. தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் பதிவு அதைப் பொறுத்தது. உங்கள் மகள் ரெசிடென்சியின் கடைசி ஆண்டில் இருக்கும்போது, தம் பட்டத்தின் பெயரை 'டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்' என்று முழுதாக எழுதி, அமெரிக்க உரிமத்தின் நகலையும் இணைத்து, ஆணையத்திடம் எழுத்துவழியாகக் கேட்க வேண்டும். வெறும் டி.ஓ. என்று மட்டும் எழுதினால், படிக்கும் அலுவலர் கண் மருத்துவப் பட்டயம் என்று நினைத்துக் கோப்பை வேறு மேசைக்கு அனுப்பிவிடக் கூடும்.